மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்

மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் என்பது, வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு கூடுதல் காற்றை உள்ளே அழுத்தி, தன் அளவை மீறிய திறனைத் தரும் சிறிய கார் எஞ்சின் ஆகும். இந்தியாவுக்கு மூன்று சிலிண்டர் புதிதல்ல. 1983இல் வந்த மாருதி 800 காரின் 796 கன செ.மீ. எஞ்சினும் அவ்வகையே, ஆனால் அது 40 குதிரைத்திறனை எட்டவில்லை. 2013இல் சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் காரின் 999 கன செ.மீ. ஈகோபூஸ்ட் எஞ்சின் 125 குதிரைத்திறன் தந்தது.

செயல்படும் விதம்

பெட்ரோல் எரிய காற்று தேவை. காற்று அதிகமானால் எரிபொருளையும் அதிகமாக எரிக்கலாம். வீணாகப் போகும் புகை டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மறுசக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. ஈகோபூஸ்டின் டர்போ நிமிடத்திற்கு சுமார் 2,48,000 சுற்றுகள் வரை சுழலக்கூடியது.

மூன்று சிலிண்டர் எஞ்சினில் 240 பாகைக்கு ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. நான்கு சிலிண்டரில் இது 180 பாகை. இடைவெளி கூடுவதால் ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் புகையோடு மோதாமல் டர்போவைத் தள்ளுகிறது. உராயும் பாகங்களும் குறைவு. குறை என்னவென்றால், எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆட முயலும். இதைத் தணிக்கப் பொதுவாகச் சமநிலைத் தண்டு சேர்ப்பார்கள். ஈகோபூஸ்டில் அதற்குப் பதிலாக ஃப்ளைவீலையும் முன்புறக் கப்பியையும் வேண்டுமென்றே சமனற்றவையாக வடிவமைத்தார்கள். இந்த எஞ்சின் 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பன்னாட்டுச் சிறந்த எஞ்சின் விருதைப் பெற்றது.

சென்னை வட்டாரத்தில்

நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 கன செ.மீ.க்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2006 முதல் குறைந்த வரி விதிக்கப்படுகிறது. இந்த வரம்புக்குள் பெரிய காரின் வேகத்தைத் தர டர்போ உதவியது. ஃபோர்டைத் தொடர்ந்து, இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ 2019இல் 120 குதிரைத்திறனுடனும், ஒரகடத்தில் தயாரான நிசான் மேக்னைட் 2020இல் 100 குதிரைத்திறனுடனும் வந்தன. ஃபோர்டு 2022இல் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. உலக அளவில் டொயோட்டா ஜிஆர் யாரிஸ் 1,618 கன செ.மீ. மூன்று சிலிண்டர் எஞ்சினில் 272 குதிரைத்திறனை எட்டியது.

நகர நெரிசலில்

வடபழனியில் ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் சந்திக்கும் இடத்தில் நின்று நின்று நகரும் காரில் எஞ்சின் மெதுவாகவே சுழல்கிறது. அப்போது புகையும் குறைவு, டர்போவின் உதவியும் குறைவு. அந்நேரத்தில் அது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின்தான். ஈகோஸ்போர்ட்டின் முழு முறுக்குவிசையான 170 நியூட்டன் மீட்டர் 1,400 சுற்றிலேயே கிடைத்தது. கையால் கியர் மாற்றும் மேக்னைட்டிலோ 160 நியூட்டன் மீட்டர் கிடைக்க 2,800 சுற்று வேண்டும். எனவே நகரத்தில் ஓட்டுபவர் விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறனைவிட, முறுக்குவிசை எந்தச் சுற்றில் தொடங்குகிறது என்பதைப் பார்ப்பதே பயன் தரும்.

பராமரிப்பு

டர்போவின் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே சுழல்கிறது. எண்ணெய் பழசானாலோ குறைந்தாலோ முதலில் கெடுவது அதுதான். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்தவுடன் எஞ்சினை அணைத்தால், ஓட்டம் நின்ற எண்ணெய் டர்போவின் சூட்டில் கருகிப் படியும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓடவிட்டு அணைப்பது நல்லது.

2013 ஈகோஸ்போர்ட்டின் ஈகோபூஸ்டில் டைமிங் பெல்ட்டும் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகிறது. தவறான வகை எண்ணெய் ஊற்றினால் பெல்ட் சிதைந்து, துகள்கள் எண்ணெய் வடிகட்டியை அடைத்து, எஞ்சினே பழுதாகலாம். உற்பத்தி நின்றுவிட்ட ஃபோர்டு காரைப் பழைய விலைக்கு வாங்குவோர், எந்த எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். ஓடிய கிலோமீட்டர் கணக்கு மட்டும் இதைச் சொல்லாது.