வாய்ப்பூட்டைத் திறந்த மில் பெண்கள்!

கடல் கடந்து போன "திண்டுக்கல் ஒப்பந்தம்"

விடிந்தும் விடியாத நேரம். வேடசந்தூர் ஆத்துமேட்டில் டீக்கடைக்காரர் முதல் பாலைக் காய்ச்சிக்கொண்டு இருப்பார். அதற்குள் மில் பஸ்கள் வரத் தொடங்கிவிடும். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தலையில் பூ, கண்ணில் பாதித் தூக்கம். பெண்கள் ஓடிவந்து ஏறுவார்கள்.

எரியோடு, வடமதுரை, அய்யலூர், குஜிலியம்பாறை. எந்தப் பக்கம் போனாலும் காலையில் இதே காட்சிதான். வானம் பார்த்த பூமி. கிணறு வற்றிய வீட்டில் அடுப்பு எரிய வைப்பது மில் சம்பளம். அந்தப் பெண்கள் நூற்ற நூலும் தைத்த சட்டையும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் தொங்குகின்றன.

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, ஊர்ப் பெயர் இன்னொரு காகிதத்திலும் ஏறியது. அதுதான் "திண்டுக்கல் ஒப்பந்தம்." பூட்டைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தைப் பற்றிப் பஸ் நிலையத்தில் நின்று கேட்டால், பத்துப் பேரில் ஒருவராவது சொல்வாரா என்பது சந்தேகமே!

வினாடிக் கணக்கு

ஆயத்த ஆடை ஆலையில் ஒரு சட்டையை ஒருவரே தைப்பது இல்லை. காலர் ஒருத்தி, கை ஒருத்தி, காஜா ஒருத்தி, பட்டன் ஒருத்தி. துணி கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்து அளந்திருப்பார்கள். மணிக்கு இத்தனை "பீஸ்" என்று டார்கெட்.

ஒருத்தி பின்தங்கினால் அவள் முன்னால் துணி குவிந்துவிடும். அடுத்தவள் கை சும்மா நிற்கும். கணக்குக் குறைந்தால் வெளிநாட்டுக் கம்பெனி முதலாளியைக் கேட்கும். முதலாளி மானேஜரைக் கேட்பார். மானேஜர் சூப்பர்வைசரைப் பிடிப்பார். சூப்பர்வைசர் தையல்காரப் பெண்ணைப் பிடிப்பார். அவள் யாரைப் பிடிப்பது?

லீவு வேண்டுமா? சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமா? அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த மெஷினில் உட்காருவது, யார் ஓவர்டைம் பார்ப்பது, எல்லாம் அவர் வாய்ச்சொல். சர்க்கார் ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு மவுசு என்று குமாஸ்தாக்களுக்குத் தெரியும். தையல் லைனில் சூப்பர்வைசரின் தலையசைப்புக்கும் அதே மவுசுதான்.

மெஷின்கள் எவ்வளவோ மாறிவிட்டன. நூற்பாலைகளில் கையால் பாபின் மாற்றிய வேலையை இப்போது பல இடங்களில் மெஷினே செய்கிறது. கோன் சுற்றும்போது அறுந்த நூலை மெஷினே ஒட்டுகிறது. எந்த மெஷின் எத்தனை நிமிடம் நின்றது என்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். மூலைக்கு மூலை கேமரா.

ஆனால் மெஷின் இரைச்சலில் காதருகே குனிந்து ஒருவன் சொல்லிவிட்டுப் போகும் ஆபாச வார்த்தை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. நின்றுபோன மெஷினுக்குக் கணக்கு உண்டு, கூனிக் குறுகி நின்றவளுக்குக் கணக்கு இல்லை.

ஜனவரி 2021

வேடசந்தூர் அருகே உள்ள நாச்சி அப்பேரல் ஆலை. திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கிளை. சுவீடன் நாட்டு எச் அண்ட் எம் உள்பட பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அங்கே துணி தைக்கப்பட்டது.

அங்கே வேலை பார்த்த 20 வயதுப் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வேலைக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்துப் பிணமாகக் கிடைத்தார். ஆலையின் சூப்பர்வைசர் ஒருவரை இந்த வழக்கில் போலீசார் கைது செய்தனர். அவர் பல மாதங்களாகத் தொல்லை கொடுத்து வந்ததாக உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் மற்ற பெண்களும் வாய் திறந்தார்கள். "எனக்கும் நடந்தது" என்று ஒருத்தி. "எனக்கும்தான்" என்று இன்னொருத்தி.

ஏன் முன்பே சொல்லவில்லை? வெளியே இருப்பவர்கள் சுலபமாகக் கேட்டுவிடலாம். வீட்டில் சொன்னால், "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், பேசாம வீட்டுல கெட" என்பார்கள். குழுக் கடன் தவணை யார் கட்டுவது? ஊரில் தெரிந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். ஆலையில் சொன்னால், சொன்னவளுக்குத்தான் வேலை போகும். மூன்று பக்கமும் பூட்டு!

போர்டில் தொங்கிய சட்டம்

சட்டம் இல்லாமல் இல்லை. ராஜஸ்தானில் நடந்த கொடுமையை ஒட்டிய விசாகா வழக்கில் 1997-லேயே சுப்ரீம் கோர்ட்டு வழிமுறை வகுத்தது. 2013-ல் தனிச் சட்டமே வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் கமிட்டி கட்டாயம். தலைமை ஏற்பது பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளி ஆள் ஒருவரும் உண்டு. 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரி. பல இடங்களில் கமிட்டி என்பது சுவரில் தொங்கும் ஒரு போர்டு. அந்த போர்டில் உள்ள பெயர்களைப் போட்டது யார்? நிர்வாகம். மாமியார் மீதுள்ள புகாரை மாமியாரிடமே கொடு என்றால், எந்த மருமகள் கொடுப்பாள்?

25 பேருக்கு ஒருத்தி

டி.டி.சி.யு. எனப்படும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் இந்த வழக்கை விடவில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் அது. கொலையுண்ட பெண்ணும் அதன் உறுப்பினர்தான். ஏசியா புளோர் வேஜ் அலையன்ஸ், அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகிய அமைப்புகள் கைகொடுத்தன. ஒரு வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை.

2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனமும் சங்கமும் கையெழுத்துப் போட்டன. எச் அண்ட் எம் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏற்றது. பிறகு அமெரிக்கக் கம்பெனிகளான கேப், பி.வி.எச். ஆகியவையும் சேர்ந்தன. 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு இது பொருந்தும் என அறிவிக்கப்பட்டது. ஆசியாவின் ஆடைத் தொழிலில் இப்படி ஒரு ஒப்பந்தம் அதுவே முதல். ஆப்பிரிக்காவின் லெசோதோ நாட்டில் 2019-ல் இதுபோல ஒன்று போடப்பட்டிருந்தது.

இதில் முக்கியமான சங்கதி இரண்டு.

ஒன்று, லைனில் வேலை பார்க்கும் பெண்களிலேயே சுமார் 25 பேருக்கு ஒருவரைக் கண்காணிப்பாளராகச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தது. பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும். அவர் எழுதி மேலே கொண்டுபோவார். சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. சாதியைச் சொல்லித் திட்டினாலும், வெளியூர்க்காரி என்று ஒதுக்கினாலும் குற்றம்.

இரண்டாவது, துட்டு விவகாரம்! ஒப்பந்தத்தை மீறினால் வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டரில் கை வைக்க வேண்டும். ஆர்டர் குறையும் என்றால் எந்த முதலாளி காதுகொடுக்காமல் இருப்பார்?

அது வெறும் மிரட்டல் இல்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 2022 ஜூலையில் அமெரிக்க சுங்க இலாகா, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, நாச்சி ஆலைத் துணிகளைத் துறைமுகத்திலேயே நிறுத்த உத்தரவு போட்டது. குறைகள் சரிசெய்யப்பட்டதாக ஏற்று, செப்டம்பரில் மறுபடி அனுமதித்தது. வேடசந்தூர் சமாசாரம் வாஷிங்டன் வரை போய் வந்தது.

185 புகார்கள்

முதல் வருடத்தில் கண்காணிப்பாளர்கள் வழியாக வந்த புகார்கள் 185. அதில் 98 சதவீதம் தீர்க்கப்பட்டதாக ஒப்பந்தக் குழுவின் அறிக்கை சொன்னது. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்.

"185 புகாரா! ஆலை கெட்டுப்போச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. புகாரே வராத ஆலையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நிறுவனத்தின் ஆலைகளுக்குத்தான் இந்த ஏற்பாடு இருந்தது. மாவட்டத்தில் உள்ள மற்ற மில்களின் பஸ்களும் அதே ஆத்துமேட்டில்தான் நின்று ஆள் ஏற்றின. அந்தப் பெண்களுக்கு இந்தக் காகிதம் பொருந்தவில்லை. அவர்கள் கையில் இருந்தது 2013 சட்டமும் சுவர் போர்டும்தான்.

கடைக்காரர்கள் "இது மில் சமாசாரம், நமக்கென்ன" என்று இருந்துவிட முடியாது. 10 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடை என்றால், அங்கே வேலை பார்க்கும் பெண் மாவட்ட அளவிலான கமிட்டியிடம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடைகளில் நாள் முழுக்க நின்றே துணி விரித்துக் காட்டும் ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டம் நிறைவேற்றியது. ரத வீதிப் பக்கம் சேலை எடுக்கப் போகிறவர்கள், கவுண்டருக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். நாற்காலி இருக்கும். அதன் மேல் பெரும்பாலும் துணி மூட்டை உட்கார்ந்திருக்கும்.