செவிக்குப் பழகட்டும் ஜப்பானியம்

ஜப்பானிய மொழியில் 'ஒபசன்' என்றால் அத்தை, சித்தி. 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில் நெடிலானால் உறவே மாறிவிடும். 'கல்', 'கால்' என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த தமிழ்ச் செவிக்கு இது எளிதில் பிடிபடும்.

ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் 5 நிலைகளிலும் கேட்டல் பகுதி உண்டு. ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். இதற்கு வீட்டிலிருந்தே தயாராகலாம்.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., எளிய ஜப்பானியத்தில் செய்திகளை ஒலியும் எழுத்துமாக இணையத்தில் தருகிறது. அதில் ஒரு நிமிடப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட சொற்களை அடிக்கோடிடுங்கள். கடைசியாக, வாசிப்பவரின் குரலை நிழல்போல் தொடர்ந்து நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தப் பயிற்சிக்கு 'ஷேடோயிங்' என்று பெயர்.

வாரம் ஒருநாள் மணிக்கணக்கில் கேட்பதைவிட, தினமும் 15 நிமிடம் கேட்பது மேல். வாய் பேசும் முன் காது பழகட்டும். இன்றே தொடங்குங்கள், நேயர்களே!