மண்டபத்துக்கு எத்தனை படி?

போன தீபாவளிக்கு முந்தின மாதம் எங்கள் மண்டபத்துச் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு சின்னப் போர் நடந்தது. ஒரு பக்கம் அட்டை கிழிந்த ஒரு புத்தகம். மறுபக்கம் ஒரு கைப்பேசி. நடுவில் தேநீர்க் குவளையோடு நான், செயலாளர் என்ற பெயரில்!

சண்டைக்குக் காரணம் ஐந்து படிகள். தோட்டம் இருந்த காலத்தில் நம் பெரியவர்கள் மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த காசில் எழுந்த மண்டபம் அது. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் போய், நாங்களெல்லாம் பட்டணத்து ஓரத்தில் வரிசை வீடுகளுக்குக் குடி வந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. மண்டபம் மட்டும் அப்படியே நிற்கிறது. வெள்ளம் ஏறாமல் இருக்க உயர்த்திக் கட்டியதால் வாசலில் ஐந்து படி.

எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இருக்கிறார். நாற்பது வருடம் பால் வெட்டியவர். இனிப்பு நீர் வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு பேத்தியின் கல்யாணத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். நான்கு பையன்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். மூன்றாவது படியில் ஒருவன் கால் சறுக்க, நாற்காலி சாய்ந்தது. விழவில்லை. ஆனால் இருநூறு பேர் பார்க்க, சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாரே, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. விருந்து முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "இனிமே எந்த விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடாதீங்க தம்பி. இதுதான் கடைசி."

அதனால்தான் மண்டபத்தைப் புதுப்பிக்கும்போது சாய்வுப் பாதை ஒன்றும் போட வேண்டும் என்று பேச்சு எடுத்தேன். குத்தகையாளர் தலையைச் சொறிந்தார். "பத்தடியில சிமெண்டு போட்டு ஒரு சரிவு விட்டா போதும். சட்டத்துல எல்லாம் அப்படி ஒண்ணும் கேக்கல," என்றார்.

சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெரியவர் ஒருவர் எழுந்தார். கட்டுமானக் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் கிராணியாக இருந்தவர். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். 'உண்டாங்-உண்டாங் கெச்சில் பங்குனான் செராகாம் 1984', அதாவது ஒரே சீரான கட்டடத் துணைச் சட்டங்கள். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் அடிக் கணக்கு, நடுவில் காய்ந்துபோன ஒரு பஸ் டிக்கெட். அரை மணி நேரம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "குத்தகையாளர் சொல்றது சரிதான். சக்கர நாற்காலின்னு ஒரு வார்த்தைகூட இதுல இல்ல."

உடனே கடைசி வரிசையிலிருந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். "இருக்கு ஐயா. முப்பத்துநாலு ஏ. இங்க பாருங்க."

புத்தகத்தில் 34 இருக்கிறது, 35 இருக்கிறது, 34ஏ இல்லை! "கண்டதையும் கைப்பேசியில பார்த்துட்டு வந்து சட்டம் பேசாதே," என்று பெரியவருக்குக் கோபம். "உங்க புத்தகம் என் அப்பாவை விட வயசானது," என்று அவருக்குக் கோபம். கூட்டம் அத்தோடு கலைந்தது.

யார் சொன்னது சரி? வாசகர்களே, இருவரும் சரி, இருவரும் தவறு!

புத்தகம் பொய் சொல்லவில்லை. 1984-இல் அந்த விதி கிடையாது. உடற்குறையுள்ளோர் பொதுக் கட்டடங்களுக்குள் வர, போக, உள்ளே நடமாட வழி செய்ய வேண்டும் என்ற 34ஏ விதி 1990-களில் பின்னால் சேர்க்கப்பட்டது. பெரியவர் வாங்கிய நாளில் அந்தப் புத்தகம் முழுமையானதுதான். அச்சிட்ட புத்தகத்தின் குணமே அதுதான். வாங்கிய நாளோடு நின்றுவிடும்.

கைப்பேசியில் இருந்ததோ வேறு கதை. மறுநாள் அந்த இளைஞரின் வீட்டில் உட்கார்ந்து மேலிருந்து படித்தோம். தலைப்பிலேயே 'சிலாங்கூர் 1986' என்று இருந்தது. நாங்கள் இருப்பது பேராக்கில்! பெயரிலே 'ஒரே சீரான' என்று இருந்தாலும், 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் இந்தத் துணைச் சட்டங்களைத் தீபகற்பத்தின் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் அரசாங்க கெஜட்டில் வெளியிடுகிறது. திருத்தங்களும் அப்படித்தான், ஒரு மாநிலம் முந்தும், ஒரு மாநிலம் பிந்தும். சபாவுக்கும் சரவாக்குக்கும் சட்டமே வேறு. ஆகவே இணையத்தில் முதலில் அகப்பட்டதை நம் ஊர்ச் சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அதோடு அது யாரோ பழைய பிரதியைப் படம் பிடித்துப் போட்டது. அட்டவணையின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஓர் இடத்தில் 2.5 என்பதில் புள்ளியே காணோம். இருபத்தைந்து மீட்டர் உயரத்தில் படுக்கையறை கட்டினால் மண்டபத்தையே உள்ளே வைக்கலாம்!

கூட்டரசு கெஜட்டை இப்போது இணையத்தில் இலவசமாகப் படிக்க முடிகிறது. நாடாளுமன்றச் சட்டங்களும் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் சட்டப் புத்தகக் கடைக்குக் கோலாலம்பூர் போய் வர ஒரு நாள் சம்பளம் போகும்; இது பெரிய வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மாநிலம் வெளியிடும் துணைச் சட்டத்தைக் கூட்டரசு கெஜட்டில் தேடினால் எங்கே கிடைக்கும்? நானே ஒரு ராத்திரி முழுக்கத் தேடி ஏமாந்தேன்.

கடைசியில் ஊராட்சி மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு நேரில் போனோம். பெரியவர் புத்தகத்தோடு வந்தார், இளைஞர் கைப்பேசியோடு வந்தார். முகப்பில் இருந்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. இரண்டையும் பார்த்துச் சிரித்துவிட்டு, திருத்தங்கள் சேர்த்த அச்சுப் பிரதியை எடுத்து விரித்தார். 34ஏ இருந்தது. பொதுமக்கள் கூடும் இடத்துக்கு அது பொருந்தும் என்றும் சொன்னார்.

சரி, சாய்வுப் பாதை எத்தனை நீளம்? அதைத் துணைச் சட்டம் சொல்லவில்லை. 'எம்.எஸ். 1184' என்ற மலேசியத் தர நூலின்படி செய் என்று கையைக் காட்டிவிடுகிறது. இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு முட்டுக்கட்டை. சட்டம் இலவசம், சட்டம் கைகாட்டும் தர நூலுக்கு விலை கொடுக்க வேண்டும். இணையத்தில் வாங்கினாலும் இன்னார் வாங்கியது, பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பக்கத்துக்குப் பக்கம் முத்திரை இருக்கும். வல்லுநர்கள் உட்கார்ந்து எழுதும் நூலுக்கு விலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் கீழ்ப்படிய வேண்டிய அளவை எல்லாரும் பார்க்க முடியவில்லை என்றால் மனது ஒப்பவில்லை. மூன்று பதிப்புகள் வேறு: 1991, 2002, 2014. பழைய பதிப்பின் படி எங்காவது சும்மா அகப்படும். அதை நம்பிச் சிமெண்டைக் கொட்டக் கூடாது.

எங்களுக்கு வழி காட்டியவர் பிளான் வரைந்து கொடுக்கும் பதிவு பெற்ற வரைவாளர். அவரிடம் புதிய பதிப்பு இருந்தது. தம் மேசையிலேயே உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். முதல் கணக்கை அவர் ஒரு பழைய காலண்டர் தாளில் போட்டார். ஓர் அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குலம் நீளம் என்பது பல நாடுகளிலும் வழங்கும் கணக்கு. எங்கள் ஐந்து படியும் சேர்ந்து முப்பத்தைந்து அங்குலம். அப்படியானால் பாதைக்கு முப்பத்தைந்து அடி வேண்டும்! இடையில் மூச்சு வாங்கி நிற்க ஒரு சமதளம், இரு பக்கமும் கைப்பிடி. குத்தகையாளர் சொன்ன பத்தடிச் சரிவில் நாற்காலியை விட்டிருந்தால் பெரியம்மா மண்டபத்துக்குள் போயிருக்க மாட்டார். நேரே சாக்கடைக்குத்தான் போயிருப்பார்.

அந்த அலுவலகத்தில் காத்திருந்த நேரத்தில் பெரியவரின் புத்தகத்தை வாங்கி, வீட்டுக்கான பகுதியைப் படித்தேன். முன்பே படித்திருக்கலாமே என்று தோன்றியது. வாசகர்களில் எத்தனையோ பேர் இப்போது குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டுகிறீர்கள். அப்போது நடு அறையின் சன்னல் அடைபட்டுப் போகிறது. பெரும்பாலும் அந்த அறையில்தான் வயதான தாயையோ தகப்பனையோ படுக்கவைக்கிறோம். விதி 39 என்ன சொல்கிறது தெரியுமா? அறைத் தரையின் பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் சன்னல் வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையாமல் காற்று தடையின்றி வர வழி வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் பத்துச் சதுர அடி சன்னல். அறையின் உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது எட்டு அடி இரண்டரை அங்குலம். குசினிக்கு 2.25 மீட்டர். வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5. படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் அகலம் 255-க்குக் குறையக் கூடாது. பெரியவர் இவற்றின் பக்கத்தில் பென்சிலில் '7 அங்குலம், 10 அங்குலம்' என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பென்சில் எழுத்துதான் எனக்குச் சட்டென்று புரிந்தது. கைப்பேசியில் இது கிடையாது.

இன்னும் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. முதலாளி கொடுக்கும் வீட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 1990-இல் புதியது வந்தது. 446-ஆம் சட்டம் என்பார்கள். 2019-இல் திருத்தி, பெயரில் 'தங்குமிடம்' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். 2020 ஜூன் முதல் தேதி தீபகற்பத்தில் நடப்புக்கு வந்தது. யாராவது பழைய பெயருள்ள புத்தகத்தைக் காட்டிப் பேசினால் இதை நினைவில் வையுங்கள். இந்தச் சட்டத்தை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. படிவம் ஐந்து முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'டிக்டாக்' ஒரு நாள் காத்திருக்கும்!

தேடுவதற்குக் கைப்பேசி கெட்டிக்காரன். 'திங்காப்' என்று தட்டினால் சன்னல் வரும் இடமெல்லாம் ஒரு நொடியில் வந்து நிற்கிறது. பெரியவர் அரை மணி நேரம் புரட்டினார். ஆனால் வெயிலில், சிமெண்டுக் கையோடு, உள்ளங்கை அகலத் திரையில் பிளானையும் அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. கட்டும் இடத்தில் மேஸ்திரி முன்னால் தாளை விரித்து, "இந்த வரி, இந்த அளவு" என்று விரலை வைத்துக் காட்டினால்தான் வேலை நடக்கிறது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். மாநிலத்தின் பெயர், திருத்திய ஆண்டு, விதி எண் மூன்றையும் அதிகாரியிடம் சரிபார்த்து, அந்தப் பக்கங்களை அச்செடுத்து, பிளானோடு பின்னடித்துச் சுவரில் தொங்கவிட்டோம். குத்தகையாளர் இரண்டு நாள் முறைத்தார். அப்புறம் அவரே வந்து பார்த்துப் பார்த்து அளந்தார்.

முன் வாசலில் முப்பத்தைந்து அடிக்கு இடமில்லை. ஆகவே பாதை மண்டபத்தின் பக்கச் சுவரை ஒட்டிப் போய், நடுவில் திரும்பி வருகிறது. அதற்காக ஒரு மாமரத்தை வெட்ட வேண்டி வந்தது. அதற்கொரு தனிக் கூட்டம், தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பொங்கல் விழாவுக்குப் பெரியம்மாவை அழைக்க நானே போனேன். "தூக்குவாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லையென்று சொன்னேன். வந்தார். பேரன் ஒரு கையால் தள்ள, நடுச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, இரும்புக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், பொங்கலில் சர்க்கரை தூக்கல் என்று சமையல்காரரிடம் குறை சொன்னார்.

பெரியவர் அன்று புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தார். 34ஏ விதியை அச்செடுத்து, கத்தரித்து, 34-க்கும் 35-க்கும் நடுவில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். ஒட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். கடைசி வரிசை இளைஞரைக் காட்டினார்.