நேர்முகத் தேர்வு முடிந்தால் வேலை கிடைத்ததாகுமா?

பீன்யா தொழிற்பேட்டையிலும் சிவாஜி நகர் கடைகளிலும் உழைத்து, பிள்ளைகளை என்ஜினீயரிங் படிக்க வைத்த தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் பல உண்டு. அந்தப் பிள்ளைகள் இப்போது எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்பீல்டு கம்பெனிகளின் வாசலில் நிற்கிறார்கள். "பையன் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான்" என்றதுமே சேலத்துக்கும் தர்மபுரிக்கும் போன் பறக்கிறது. சிலர் கையில் இருக்கும் சிறு வேலையையும் விட்டுவிடுகிறார்கள்.

அவசரம் வேண்டாம். கம்பெனி வேலைக்குப் படிகள் பல. ஒவ்வொரு படியிலும் அவர்கள் பார்ப்பது வேறு.

சலிக்கும் படி

முதலில் மார்க். பத்தாம் வகுப்பு, பிளஸ்-2, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் கம்பெனிகள் பல. பாடம் பாக்கி இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. பிறகு தெரிந்தால் கிடைத்த வேலையும் போகும்.

அடுத்து கம்ப்யூட்டரில் தேர்வு. கணக்கு, ஆங்கிலம், தர்க்க அறிவு, புரோகிராம் எழுதுதல் ஆகியவை இருக்கும். டி.சி.எஸ். நிறுவனம் இதற்கென்றே 2018-ல் தேசிய அளவிலான தகுதித் தேர்வைத் தொடங்கியது. பெரும் கூட்டத்தைச் சலிப்பதற்கான சல்லடை இது. இதில் தேறியவர், அடுத்த அறைக்குள் நுழைய அனுமதி பெற்றவர். அவ்வளவுதான்.

தோண்டும் படி

இரண்டாவது, டெக்னிக்கல் பேட்டி. கல்லூரியில் செய்த புராஜெக்ட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். "இதில் நீங்கள் செய்த பகுதி எது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் அங்கேதான் அகப்பட்டுக்கொள்ளும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களில், நிதானமாகச் சொன்னால் போதும். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வி இன்னும் ஆழமாகப் பாயும்.

நாமும் கேட்கும் படி

மூன்றாவது, எச்.ஆர். பேட்டி. எந்த ஊரில் வேலை? இரவு ஷிப்ட் உண்டா? இத்தனை ஆண்டு விலகக் கூடாது என்று பத்திரம் கேட்பார்களா? இவற்றைத் தயங்காமல் கேட்கலாம்.

சம்பளக் கணக்கையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் என்றால், மாதம் 30 ஆயிரம் கைக்கு வந்துவிடாது. கம்பெனி கட்டும் பி.எப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் ஆகியவற்றையும் அந்தத் தொகைக்குள்ளேயே காட்டுவது வழக்கம். ஊழியரின் பங்காகவும் 12 சதவீதம் பி.எப். பிடிப்பார்கள். கைக்கு வருவது எவ்வளவு என்று தெரிந்த பிறகே வீட்டு வாடகை பேச வேண்டும்.

கடிதம் வந்த பிறகும்...

வேலை தருவதாகக் கடிதம் வந்தாலும் கதை முடிவதில்லை. சான்றிதழ்களையும் பழைய வேலையையும் பற்றி விசாரணை நடக்கும். சேரும் தேதி தள்ளிப் போவதும் உண்டு. 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு 6½ லட்சம் என்று பேசியிருந்த புதியவர்களிடம், "3½ லட்சத்துக்குச் சம்மதமா?" என்று விப்ரோ நிறுவனம் கேட்டது.

சேர்ந்த பிறகும் தேர்வு உண்டு. 2025 பிப்ரவரியில் இன்போசிஸ் நிறுவனத்தின் மைசூர் பயிற்சி மையத்திலிருந்து 300-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று முறை வாய்ப்பளித்தும் உள்தேர்வில் தேறவில்லை, இது நெடுநாள் நடைமுறை என்றது கம்பெனி. தேர்வைக் கடினமாக்கிவிட்டார்கள் என்றனர் வெளியேறியவர்கள். அவர்களில் பலர் இரண்டு ஆண்டு காத்திருந்து சேர்ந்தவர்கள்!

ஆகவே, "பயிற்சியில் என்னென்ன தேர்வுகள்? தேறாவிட்டால் என்ன ஆகும்?" என்பதையும் எச்.ஆர். பேட்டியிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பணம் கேட்டால்...

இந்தப் படிகள் எதிலும் நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், "மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்று யார் கேட்டாலும் அது மோசடி. போன் மூலமோ இணையம் மூலமோ பணம் போய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வழியுண்டு.

இருக்கிற வேலையை எப்போது விடுவது? நியமன உத்தரவு கைக்கு வந்து, சேரும் தேதியும் எழுத்தில் உறுதியான பிறகுதான் ராஜினாமா. பழைய இடத்தில் முறையாக நோட்டீஸ் கொடுத்து, விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய கம்பெனி அதைக் கேட்கும்.

ஊருக்குச் சொல்வது மட்டும் சற்றுத் தாமதமாகட்டும். முதல் மாதச் சம்பளம் வாங்கிய பிறகு கொடுத்தாலும் மைசூர்பாகு இனிக்கத்தான் செய்யும்!