மாடு மேல் மாடு தாவுவது ஏன்?

மாலையில் கண்மாய்ப் புறம்போக்கில் மேய்ந்துவிட்டுத் திரும்பும் மாடுகளில் ஒன்று, முன்னால் போகும் மாட்டின் முதுகில் தாவுகிறது. கூட வருபவர் தாவிய மாட்டைக் குச்சியால் நாலு தட்டுத் தட்டி ஓட்டிக்கொண்டு வீடு சேர்கிறார். மறுநாள் காலையில் அந்த மாட்டையே கால்நடை மருந்தகத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்ச் சினை ஊசி போட்டு வருகிறார். உண்மையில் பருவத்திற்கு வந்திருந்ததோ முன்னால் போன மாடு. அது கவனிக்கப்படாமல் தொழுவத்திலேயே நின்றுவிடுகிறது. ஊசி போட்ட மாட்டிலும் சினை இல்லை. போடாத மாட்டிலும் சினை இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களில் பால்மாடு இல்லாத கிராமம் இல்லை எனலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பின்னால் நிற்பவை, ஒன்றும் இரண்டுமாகச் சிறு விவசாயிகள் கட்டி வளர்க்கும் கறவைகளே. ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்திற்கு 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் வைக்கோலும் பிண்ணாக்கும் செலவுதான். கன்று ஈனுவதும் அத்தனை நாள் தள்ளிப் போகும். இப்படி மூன்று நான்கு பருவங்கள் தவறிய மாட்டை ‘மலடு’ என்று சந்தைக்கு ஓட்டிவிடுவதும் நடக்கிறது. ஆகவே மாடு தாவுவதைக் குறும்பு என்று தள்ளிவிடாமல், அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கவனிக்க வேண்டியது தாவும் மாட்டை அல்ல, அடியில் நிற்கும் மாட்டை. வேறொரு மாடு தன்மேல் தாவும்போது விலகி ஓடாமல், அசையாமல் தாங்கி நிற்கும் மாடே சரியான பருவத்தில் இருக்கிறது. ஓடப் பார்த்தால் அது பருவத்தில் இல்லை. அல்லது இன்னும் நேரம் ஆகவில்லை. தாவும் மாட்டையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. பருவம் தொடங்கப் போகும் மாடு, தான் தாங்கி நிற்பதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே மற்ற மாடுகளின் மேல் தாவும். ஆகையால் இரண்டின் அறையையும் பார்க்க வேண்டும். அறை தடித்து, உட்புறம் சிவந்து, முட்டை வெண்கரு போன்ற வழும்பு கண்ணாடிக் கயிறாகத் தொங்கினால் அதுவே பருவ மாடு. அன்று அது தீனியைக் குறைத்துக்கொள்ளும், அடிக்கடி கத்தும், கறவையும் சற்றுக் குறையும்.

முன்பெல்லாம் மலையடிவாரத்தில் கிடையாக மேய்ந்த நாட்டு மாடுகளோடு ஒரு காளையும் கூடவே திரியும். பருவம் பார்க்கும் வேலையை அந்தக் காளையே செய்துவந்தது. இன்று மேய்ச்சல் சுருங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்த பின் மலைப் பக்கம் மாடு விடுவதும் எளிதில்லை. ஜெர்சி கலப்பினப் பசு நாள் முழுக்கத் தொழுவத்தில் கட்டுண்டு நிற்கிறது. காளை செய்த வேலையை மனிதன் கண்ணால் செய்யவேண்டி இருக்கிறது.

கட்டிக் கிடக்கும் மாடு எதன்மேல் தாவும்? சிமெண்ட் தளமாக இருந்தால் அவிழ்த்துவிட்டாலும் வழுக்கிவிடும் என்று பயந்து தாவாது. குளம்பில் புண் இருக்கும் மாடும் அப்படியே. எனவே காலையிலும் மாலையிலும் அரை மணி நேரமாவது மண் தரையில் மாடுகளை ஒன்றாக அவிழ்த்துவிட்டு, அருகில் நின்று பார்க்க வேண்டும். ஒரு தாவல் சில நொடிகளில் முடிந்துவிடும். பல்லைத் துலக்கிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால் போதாது. இவ்வூர் வெயிலில் மாடுகள் பகலில் சோர்ந்து கிடந்து, குளிர்ந்த பிறகே பருவத்தைக் காட்டும். தாவுதலில் பெரும்பகுதி மாலை ஆறுக்கும் காலை ஆறுக்கும் இடையில்தான். இரவு படுக்கப் போகுமுன் டார்ச் விளக்கோடு ஒரு தடவை தொழுவத்தை எட்டிப் பார்ப்பவர் பாதிப் பருவங்களைத் தவற விடமாட்டார்.

காலையில் தாங்கி நின்ற மாட்டுக்கு அன்று மாலையிலும், மாலையில் நின்ற மாட்டுக்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுவது முறை. பருவம் முடிந்து ஏறக்குறைய 10 முதல் 14 மணி நேரம் கழித்தே சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருகிறது என்பதே இதற்குக் காரணம். சில மாடுகளில், அதிலும் கிடேரிகளில், வாலிலும் அறையிலும் இரத்தம் தெரியும். அதைப் பார்த்ததும் ஊசி போட ஓடுகிறவர்கள் உண்டு. அது பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாட்களில் வருவது. ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது. தேதியைக் குறித்துவைத்து, 17-ஆம் நாளிலிருந்து கவனித்தால் அடுத்த பருவத்தைப் பிடித்துவிடலாம்.

எருமை வைத்திருப்போர் தாவுவதை எதிர்பார்த்து இருக்கக் கூடாது. எருமைகள் ஒன்றன்மேல் ஒன்று தாவுவது குறைவு. அடிக்கடி சிறிது சிறிதாக மூத்திரம் விடுவது, கத்துவது, அறை தடிப்பது ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும்.

இனி, பருவம் அல்லாத தாவல்கள். இவற்றில் மிகவும் ஆபத்தானது சினை மாட்டின் தாவல். சினையாக இருக்கும் பசுக்களிலும் நூற்றுக்குச் சில, பருவம் போன்ற அறிகுறி காட்டும், தாவவும் செய்யும். “போட்ட ஊசி நிற்கவில்லை” என்று எண்ணி மறுபடியும் ஊசி போட்டால், கருப்பை வாயை அடைத்திருக்கும் வழும்பு முத்திரையைக் குழல் துளைத்துக்கொண்டு போய்க் கன்று கலைந்துவிடலாம். ஊசி போட்ட 60 முதல் 90 நாட்களுக்குள் சினைப் பரிசோதனை செய்துகொண்டால் இந்த இழப்பு வராது. அதன் பின் அந்த மாடு தாவினாலும், முந்தைய ஊசி தேதியையும் பரிசோதனை முடிவையும் மருத்துவரிடம் சொல்லாமல் அடுத்த ஊசிக்குச் சம்மதிக்கக் கூடாது.

இன்னொரு மாடு இருக்கும். எட்டு பத்து நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் நாள்தோறுமே, பருவம் காட்டும். காளை போலக் குரல் தடித்துக் கத்தும், மண்ணைச் சீய்க்கும், கண்ட மாட்டின் மேலெல்லாம் தாவும். வாலின் அடிப்பகுதி மேடிட்டிருக்கும். இது சினைப்பையில் நீர்க்கட்டி. கன்று ஈன்ற ஒன்றிரண்டு மாதங்களில், பெரும்பாலும் நல்ல கறவையிலேயே வருகிறது. உடம்புச் சூடு என்று நினைத்துக் குளிர்ச்சியான பண்டங்களைக் கொடுப்பதால் பயன் இல்லை. மருத்துவர் பரிசோதித்து ஹார்மோன் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகும். நாட்களைக் கடத்திக் கடைசியில் சந்தைக்கு ஓட்டுவதுதான் வருத்தத்திற்குரியது.

தீவனத்தாலும் இப்படி நேரும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளக் கதிரில், பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் நச்சுப் பொருள் உண்டாகலாம். கன்று ஈனாத கிடேரிகளின் அறை காரணமின்றி வீங்கியிருந்தால், ஒரே தீவனம் தின்ற பல மாடுகள் ஒரே சமயத்தில் இப்படிக் காட்டினால், முதலில் தீவன மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பின் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை.

ஆண் மாடுகள் தாவுவது வேறு கதை. கன்றுகள் விளையாட்டாகத் தாவும். அது தானே தீரும். அமெரிக்காவில் இறைச்சிக்காக நூற்றுக்கணக்கான காயடித்த மாடுகளை ஒரே பட்டியில் அடைத்துக் கொழுக்க வைக்கிறார்கள். அங்கே நூற்றுக்கு இரண்டு மூன்று மாடுகளின் மேல் மற்றவை விடாமல் தாவித் தாவி, முதுகுத்தோல் உரிந்து, எலும்பு முறிந்து விழுந்துவிடுவது பெரிய தொல்லை. முன்பின் பழகாத மாடுகளைக் கலப்பதும், இட நெருக்கடியும், வளர்ச்சிக்காகக் காதில் வைக்கும் ஹார்மோன் வில்லைகளும் காரணங்கள் என்று கண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வைத்தியம் எளியது: அடி வாங்கும் மாட்டை உடனே பிரித்துத் தனியே கட்டிவிடுகிறார்கள். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிவந்த எருதுகளையும் கன்றுகளையும் பழைய கூட்டத்தோடு விடும்போது இங்கும் அதையே செய்யலாம்.

காயடித்த எருது பசுக்கள் மேல் ஓயாமல் தாவினால், இடுக்கி போட்டது சரியாக விழவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கத்து விதை நரம்பு நழுவியிருந்தாலும் அந்த எருது காளைதான். பக்கத்து வீட்டுக் கிடேரியைச் சினையாக்கியும் விடும். இடுக்கி போட்ட ஆறு வாரம் கழித்துத் தடவிப் பார்த்தால் இரண்டு விதையும் சுருங்கிச் சிறுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பழையபடி இருந்தால், மருந்தகத்தில் காட்டி அந்தப் பக்கத்துக்கு மறுபடியும் இடுக்கி போடச் சொல்ல வேண்டும்.