பழைய மடிக்கணினியும் புதிய நினைவகமும்

மடிக்கணினி ஒன்று பழையதாகித் தள்ளாடத் தொடங்கியதும், "ராமைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல எவரேனும் ஒருவர் முன்வந்துவிடுவார். அவர் சொல்வது பொய்யன்று. ஆயினும், பிள்ளையின் படிப்புக்கு வீட்டிலிருக்கும் ஒரேயொரு கணினிக்குச் செலவழிப்பவர், குறை நினைவகத்தில்தானா என்று முதலில் அறிதல் நன்று.

நினைவகம், கணினி தன் வேலையை விரித்து வைக்கும் மேசை. வன்தட்டு அதன் அலுமாரி. மேசையில் இடம் போதாதவிடத்து, பணிசெயல் முறைமையாகிய விண்டோஸ் சில பொருள்களை அலுமாரிக்கு மாற்றி, வேண்டும்போது திரும்ப எடுக்கின்றது. தொல்லை பிறப்பது இங்கேதான். நினைவகம் ஒரு தரவைத் தர விநாடியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வன்தட்டு அதைத் தேடியெடுக்க நூறில் ஒரு பங்கு வேண்டும்.

ஆகவே, வழக்கமான வேலைகள் யாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்திப் பார்த்தல் வேண்டும். அங்கே நினைவகம் 90 விழுக்காட்டையும் தாண்டி நின்றால், கூட்டுவது பயன்தரும். நினைவகம் பாதியே நிரம்பியிருக்க, வன்தட்டு மட்டும் 100 விழுக்காட்டில் திணறுமானால், அதே பணத்துக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றை மாற்றுவதே மேல். பழைய கணினிகள் பலவற்றில் உண்மை நிலை இதுவே. 32 பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் இட்டாலும் மிகுதி வீணாகும்.

அடுத்தது, இடமுண்டா என்பது. 2012ஆம் ஆண்டின் சாதாரண 13 அங்குல மக்புக் புரோவில் நினைவகத் தகடுகளுக்கு இரண்டு பொருத்துமிடங்கள் இருந்தன. அவ்வாண்டே வந்த ரெட்டினா வகையில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. பின்னதில் கூட்டும் பேச்சுக்கே இடமில்லை. பொருத்துமிடம் இருப்பினும் வகை ஒத்திருத்தல் வேண்டும். மடிக்கணினிக்குரிய டி.டி.ஆர்.3 தகட்டில் 204 ஊசித்தொடுகைகளும் டி.டி.ஆர்.4 தகட்டில் 260உம் உள. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. 1.35 வோல்ற்றுத் தகடு கேட்கும் கணினி, 1.5 வோல்ற்றுத் தகட்டை ஏற்க மறுக்கலாம். பழைய தகட்டைக் கழற்றி, அதன்மேல் எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வதே பாதுகாப்பு.

இன்னுமொன்று. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் நினைவகம் 4 ஜிகாபைட்டே, ஆனால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், அங்கீகரிக்கப்பட்ட செயலியும் அதற்கு வேண்டும். இவை இல்லாத கணினிக்கு எவ்வளவு நினைவகம் இட்டாலும் அந்தக் கதவு திறவாது. லினக்ஸ் நிறுவ எண்ணுபவருக்கு இத்தடை இல்லை. அவருக்கு 8 ஜிகாபைட் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

பொருத்துமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, மின்கலத்தையும் கழற்றிவிட வேண்டும். பொருத்தியபின் திரை இருண்டே நின்றால் அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலும் தகடு சரியாக அமர்ந்திராது. அதை எடுத்து, மீண்டும் சரிவாகச் செலுத்தி, இருபக்கக் கொளுவிகளும் பற்றும்வரை அழுத்தினாற் போதும்.