பிள்ளைகளின் வளர்ச்சிக்குப் புரதச்சத்து ஏன் அவசியம்?

குருபோங் வட்டாரப் பெற்றோர்களின் கவனத்திற்கு:

“எங்கள் பரம்பரையே குள்ளம்தான். போகப் போக வளர்ந்துவிடுவான்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், 2022-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 வயதுக்குட்பட்ட சிறாரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இத்தனை பேருக்கும் பரம்பரை மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இது அதிகம் சுரக்கும். இந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி, ‘ஐ.ஜி.எஃப்-1’ என்னும் மற்றொரு ஹார்மோனை உண்டாக்குகிறது. எலும்புகள் நீள்வதற்கு இரண்டும் தேவை.

உணவில் புரதம் மிகவும் குறைந்தால், இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் போதிய அளவு இருந்தாலும் ஐ.ஜி.எஃப்-1 குறைந்துவிடும். கட்டளை வரும், வேலை நடக்காது. சாப்பாட்டின் மொத்த அளவே போதாவிட்டால், உடல் புரதத்தையும் சக்திக்காக எரித்துவிடும். ஆகவே சோறும் வேண்டும், கறியும் வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

• 1 முதல் 3 வயது: 12 கிராம்
• 4 முதல் 6 வயது: 16 கிராம்
• 7 முதல் 9 வயது: 23 கிராம்

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கோப்பைப் பாலில் சுமார் 8 கிராம் புரதம் உண்டு. கெம்போங் மீன், நெத்திலி, கோழி, தெம்பே, தவ்வு, பருப்பு ஆகியவையும் நல்லவை. விலை உயர்ந்த சத்து மாவு கட்டாயமில்லை.

சைவக் குடும்பங்களும் புரட்டாசி விரதம் இருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். அரிசியில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுகட்டும். சோறும் பருப்பும், இட்டிலியும் சாம்பாரும் அத்தகைய நல்ல சேர்க்கைகளே. வெறும் ரசச் சோறு போதாது.

டின் பால், பால் அல்ல

கடைகளில் விற்கும் இனிப்பு டின் பால் பெரும்பாலும் சீனியும் கொழுப்பும் கொண்டது. புரதம் மிகக் குறைவு. 1939-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பது குழந்தைகளின் உயிரைப் பறிக்கிறது என்று பொதுமேடையிலேயே கண்டித்தார். டின் பால் கலந்த தேநீர் பிள்ளையின் வயிற்றை நிரப்பும், வளர்ச்சிக்கு உதவாது.

அதிகம் கொடுத்தால் அதிகம் வளருமா?

வளராது. தேவைக்கு மேற்பட்ட புரதம் பிள்ளையை மேலும் உயரமாக்காது. புரதம் மிகுந்த பால்மாவு குடித்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உடல் எடை கூடியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் 6 மாதத்திற்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது.

கிளினிக்கிற்கு எப்போது வர வேண்டும்?

4 வயது முதல் பருவமடையும் வரை பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செண்டிமீட்டர் வளர வேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்திலுள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். கோடு படுத்துவிட்டால் அல்லது கீழிறங்கினால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குப் பிள்ளையை அழைத்து வாருங்கள். முதல் 2 ஆண்டுகளில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் மீட்பது கடினம்.